ஒரு கொடியில் இரண்டு குலைகள்

மலைச்சரிவின் கல்மண்ணில் நின்ற கிழட்டுத் திராட்சைக்கொடி அந்த வருஷம் இரண்டு குலைகள் விட்டது. காய் பச்சையாக இருக்கும்போதே தோட்டக்காரன் வந்து இளைய குலையான சின்னவளை நறுக்கிக் கீழே போட்டான்.

"ஏம்மா என்னை?" என்றாள் சின்னவள், கற்களுக்கிடையில் கிடந்தபடி.

"இந்த மண்ணில் ஒருத்திக்குத்தான் சாறு ஊறும். இரண்டு பேரும் இருந்தால் சிவப்பு ஒயின் நீர்த்துப்போகும்" என்றது கொடி.

"அவன் சொல்வதையே நீயும் சொல்கிறாய்."



பெரியவள் கறுத்துப் பழுத்துக் கூடையில் ஏறிப் போனாள்.

"அக்கா போகும்போது என்னைக் கேட்டாளா?" என்றாள் காய்ந்து சுருங்கியிருந்த சின்னவள்.

"கேட்க நினைத்திருப்பாள். கூடையில் ஒரே நெரிசல்."

முதல் மழையில் சின்னவள் கரைந்து மண்ணுக்குள் இறங்கினாள். அவளைக் குடிக்காமல் இருக்கத்தான் கொடி பார்த்தது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வேர் கேட்கவில்லை.