சிக்கன டிரைவிங்

"தாம்பரத்துலயே பெட்ரோல் போட்டுக்கலாமே?" என்ற மனைவியிடம், "நான் ஓட்டுற அழகுக்கு, இருக்கறதே கூடுவாஞ்சேரி வரைக்கும் தாராளம்" என்றார் கஸ்தூரிரங்கன். கோபத்தில் கண்ணை மூடிய லோகநாயகி அப்படியே தூங்கிப்போய், வண்டலூரில்தான் விழித்தாள்.

"ஏன் இப்படி வேர்க்குது? ஏசி என்னாச்சு?"

"ஏசி பெட்ரோலைக் குடிக்கும், லோகா."

"அதுக்காக இப்படி ஊர்ந்துக்கிட்டா போறது?"

"சீரான வேகம்தான் சிக்கனம்."

"முன்னாடி போற லோடு வண்டியை ஏன் ஒட்டிக்கிட்டே போறீங்க? இடைவெளி விடணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே, பிரேக்கை மிதிங்க!"

மனைவி சொன்னதும் கால் தானாக மிதித்துவிட்டது. லோடு வண்டி டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"பிரேக்க மிதிக்காத சார்! கயிறு அந்துச்சுன்னா, பங்க் வரைக்கும் நீயும் அம்மாவும்தான் தள்ளணும்!"