டேனரி மூடிய நாளின் நாற்றம்

தோல் பதனிடும் டேனரியின் பின்சுவரை ஒட்டிய அறையில் சுகந்தி ஜன்னலைத் திறக்கிறாள். இன்று பக்ரீத் விடுமுறை. மோட்டார் சத்தம் இல்லை. மலைப்பக்கமிருந்து சுத்தமான காற்று வருகிறது. ஆனால் அறைக்குள் அந்த நாற்றம் மட்டும் அப்படியே நிற்கிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன அவள் புருஷன் வேலாயுதம் கட்டிலில் கிடக்கிறான். பஞ்சு அமுங்கி, மெத்தை அவன் உடம்பின் வடிவத்துக்கே பள்ளமாகிவிட்டது. தான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் மிஞ்சும் ஸ்பாஞ்சுத் துண்டுகளை அந்தப் பள்ளத்தில் திணித்துத் தைத்திருக்கிறாள்.

"ஏங்க, இன்னிக்கு டேனரி லீவுதானே? அப்புறம் இன்னா இந்த நாத்தம்?"

"ஊருக்கே பிரியாணி வாசனை வருது. உனக்கு மட்டும் தோல் நாத்தமா?" சிரிக்கிறான்.

அவள் சிரிக்காமல் அவனை ஒருபக்கமாகப் புரட்டுகிறாள். ஓவர்டைம் முடிந்து வந்து, மங்கலான வெளிச்சத்தில் அவசரமாக லுங்கி மாற்றிவிட்ட வாரம் இது. இப்போது ஜன்னல் வெயில் நேராக விழுகிறது. முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் குழிந்து, சீழ் கசிகிறது. மெத்தை உறையும் அங்கே ஈரமாக இருக்கிறது. விரலால் புண்ணின் ஓரத்தை அழுத்துகிறாள்.

"மெத்தைய மாத்தணுங்க. இன்னிக்கே."

"தீவாளிக்குப் பாத்துக்கலாம் சுகந்தி. எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலியே."