குனியாத மாப்பிள்ளை

"சீக்கிரம் குனிங்கோ மாப்பிள்ளை, நல்ல நேரம் முடியறது!" ஐயர் விரட்டினார். அம்மிமேல் மங்கையின் கால் காத்திருந்தது. மெட்டியோடு பாதி குனிந்த சபாபதிக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மின்னல் இறங்கியது. இடுப்பைப் பிடித்தபடி அப்படியே உறைந்து நின்றுவிட்டான்.

மங்கையின் அண்ணன் மேடையில் பாய்ந்து ஏறினான். "தாலி கட்டி அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள குட்டு வெளிப்பட்டுடுச்சே! இடுப்பு வலிக்காரன்ங்கிறதை மறைச்சு என் தங்கச்சிய ஏமாத்திட்டியேய்யா!"

கூடத்தில் நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. சபாபதி அவளை மட்டும் பார்த்தான். "இது ஆயுசுக்கும் வந்து வந்து போகும், மங்கை."

"போகுதுல்ல? அது போதும்." அவள் கையை நீட்டினாள். "பிடிச்சுக்கங்க. முதுகை வளைக்காம முட்டியை மடக்குங்க. மூச்சை விடுங்க... மெதுவா."

அவள் கையைப் பற்றியபடி அங்குலம் அங்குலமாக இறங்கினான். விரலில் மெட்டி ஏறியது.

அண்ணன் விடவில்லை. "இந்த வித்தையெல்லாம் உனக்கு எப்படிடி தெரியும்?"

மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏமாத்துனது அவரில்லண்ணா. ஆபீஸ்ல வேலைன்னு உன்கிட்ட சொல்லிட்டு, பிசியோதெரபியில அவருக்குப் பக்கத்துக் கட்டில்ல நான்தான் படுத்திருந்தேன். எனக்கும் இதே வலிதான்."