பதினெட்டாவது இடம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: பிள்ளைகள் பதினெட்டு பேர், பாலே நடனம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர், மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த விளையாட்டு ஆசிரியர் ஒருவர். கதவிடுக்கில் ஒரு கண்.

கண்ணுக்குச் சொந்தக்காரி, பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஆயா. பதினெட்டு பேரில் கடைசியாக நின்ற சிட்டு அவள் மகள்.

மூன்று வாரமாக ஆயா எண்ணிக்கொண்டு வருகிறாள். சுவரோரம் இடுப்புயரத்தில் ஒரு மரக்கம்பி. அதைப் பிடித்தபடி பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நின்று வலது காலை நீட்டி மடக்குவார்கள். சிட்டுவுக்கு முன்னால் பதினேழு முதுகுகள். ஒரு வாரம்கூட அது பதினாறு ஆனதில்லை.

விளையாட்டு ஆசிரியர் கதவருகே வந்தார்.

“என்ன ஆயா, திருடன் மாதிரி எட்டிப் பாக்கறீங்க?”

“முதல்ல நிக்கறது யாரு சார்?”

“தலைமை ஆசிரியர் பொண்ணு.”

“ரெண்டாவது?”

“கணக்கு டீச்சர் பையன்.”

“கடைசி?”

அவர் தலையைச் சொறிந்தார். “உயரப்படி நிறுத்தியிருப்பாங்க...”

“உயரப்படின்னா சிட்டு நாலாவது. கண்ணாலயே அளந்துட்டேன்.”

“சும்மா சந்தேகப்படாதீங்க. அவங்க இலவசமா வந்து சொல்லித்தர்றாங்க.”

“அதான் சார் சந்தேகமே. தலைமை ஆசிரியரைக் காக்கா பிடிக்கறாங்க.”

வீட்டில் சிட்டு படும் பாடு ஆயாவுக்குத்தான் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் காலுக்குப் பத்துத் தடவை, அந்தக் காலுக்குப் பத்துத் தடவை. தட்டில் சோறு ஆறிப்போகும். இத்தனையும் கடைசியில் நிற்பதற்கா?

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் மேடையில் நுனிக்காலில் ஆடியதற்குக் கூலியாக, இப்போது ஒரு முழங்கால் மடங்காது. கம்பியின் முன்கோடியில், தலைமை ஆசிரியர் பெண்ணை ஒட்டியே, கோலை ஊன்றி நின்றிருந்தார்.

“என் பொண்ணு பேரை அடிச்சிடுங்கம்மா.”

சிட்டு கம்பியை இறுக்கிப் பிடித்தாள். “அம்மா, வேணாம்மா...”

“நீ வாயை மூடு!”

டீச்சர் பதறிப்போனார். “இன்னிக்கா? அவ இல்லாம இன்னிக்கு வகுப்பே நடக்காதே!”

“கடைசியில நிக்கறவ இல்லாட்டி என்ன குடி முழுகிடப் போகுது?”

“அஞ்சே நிமிஷம் பொறுங்க. அப்புறம் கூட்டிட்டுப் போங்க.”

கோலால் தரையில் இரண்டு தட்டு தட்டினார்.

“மூணு வாரம் வலது கால் பழகியாச்சு. இன்னிக்குத்தான் முதல் தடவையா இடது கால். கையை மாத்திப் பிடிச்சு அப்படியே திரும்புங்க!”

பதினெட்டு பேரும் திரும்பினார்கள்.

தலைமை ஆசிரியர் பெண் திருதிருவென்று விழித்தாள். இப்போது அவள்தான் கடைசி.

டீச்சர் ஆயாவின் காதருகே குனிந்தார்.

“இதைத் தலைமை ஆசிரியர்கிட்ட சொல்லிடாதீங்க. தடுமாறுற பிள்ளைங்களைத்தான் என் பக்கத்துல வெச்சுக்கறேன், என்னைப் பாத்துச் செய்யட்டும்னு. ஆனா திரும்பினா நான் அவங்க முதுகுக்குப் பின்னாடி போயிடறேனே! இந்தக் காலை வெச்சுக்கிட்டு அந்தக் கோடிக்கு ஓட முடியுமா? அங்க, யாரையும் பாக்காம தானாவே செய்யத் தெரிஞ்சவ ஒருத்தி வேணும். முதல் நாளே, சொல்லித்தராமலே இடது காலையும் நீட்டிப் பாத்தவ உங்க பொண்ணு மட்டும்தான்.”

சிட்டு இடது காலை நீட்டினாள். அவளைப் பார்த்துப் பார்த்து, வரிசையே நீட்டியது.

ஆயா பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினாள்.

சிட்டுவுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பின்னால், பதினேழு பேர்.