முனை உருட்டிய கோடு

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எங்கே நடக்கலாம் என்று அவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியில் காட்டும் கோட்டை வடிவமைப்பதுதான் செங்கனியின் வேலை. கோடு வாசலிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து கழுவவேண்டிய கழிப்பறைக்கும் போகும். அதைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது.

"முழுக்கோடு அதட்டுற மாதிரி இருக்கு. விட்டு விட்டுப் போடுங்க. முனையெல்லாம் உருட்டி விடுங்க, மரியாதையா இருக்கும்" என்றார் மேலாளர் சுதாகர்.

பீநாற்றத்துக்கு ஊதுபத்தி கொளுத்துகிற புத்தி! செங்கனி மனசுக்குள் திட்டினாள். இருந்தாலும் இடைவெளி விட்டு, முனைகளை உருட்டி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முதன்முறையாக அவளுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் செருப்பைக் கீழே கேட்டருகிலேயே கழற்றிவிட்டிருந்தாள். வெறுங்காலைப் பார்த்த, வருகிறவர் யாரென்று கணிக்கும் வாசல் கருவி, வேலைக்காரி என்று முடிவுசெய்து ஒரு கண்ணாடியை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டது.

செங்கனி குளித்துவிட்டு வந்தபோது, கண்ணாடியை மாட்டியபடி சமையலறை மூலையில் நின்றுகொண்டிருந்தாள் அம்மா.

"ஏம்மா நிக்கிற? சோபால உக்காரு."

"அங்க கோடு போகலியேடி" என்றாள் அம்மா. "ஆனா எம்புட்டு அழகா வரைஞ்சிருக்காங்க பாரு, முனையெல்லாம் உருண்டையா."