ஒரு துண்டுக் கம்பி

"இதைச் செஞ்சவன் கையை ஒடிக்கணும், கண்ணு!"

டெரெக் ஆக்ராய்டு கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே கத்தினார். பட்டறை மேசையில், விளக்குக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை போர்டு கிடந்தது. குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை எப்போது எரிய வைப்பது, எப்போது அணைப்பது என்று தீர்மானிக்கிற போர்டு. பார்ன்ஸ்லி வட்டாரத்தில் யார் வீட்டு பாய்லர் படுத்துக்கொண்டாலும், பாய்லர் மாட்டுகிற ஃபிட்டர்கள் போர்டைக் கழற்றித் தபாலில் இவருக்குத்தான் அனுப்புவார்கள். இவர் சரிசெய்து திருப்பி அனுப்புவார். முப்பது வருடமாக அதே மேசை, அதே தலைக்கனம்.

எதிரே நின்ற ஜனீன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "என்ன செஞ்சிருக்கான்?"

"இங்க பாரு. ஃபேன் சுத்திப் புகை வெளிய போகுதுன்னு தெரிஞ்சாத்தான் போர்டு கேஸைத் திறக்கணும். அந்தக் காவலையே ஒரு துண்டுக் கம்பியை வச்சுக் கெடுத்துட்டான். ஃபேன் நின்னாலும் நெருப்பு எரியும். புகையெல்லாம் வீட்டுக்குள்ள. வாசனையே வராத விஷம்."

"தெரியும். போன மாசம் அந்த வீட்டுல ஃபேன் நின்னு போச்சு. ரெண்டு சின்னப் புள்ளைங்க மூணு நாள் ஆஸ்பத்திரில கெடந்து பொழச்சாங்க." "மூணு வருஷம் முன்னாடி அங்க போர்டை மாட்டினது என் வீட்டுக்காரர் கார்ல். அவர்தான் கம்பி வச்சார்னு கம்பெனில சொல்றாங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்கு விசாரணை. லைசென்ஸ் போயிரும். அப்புறம் போலீஸ்."

ஆக்ராய்டு போர்டை அவள் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போம்மா. புள்ளைங்களைக் கொல்லப் பாத்தவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். ஜனீன் நகரவில்லை.

"வக்காலத்து வேண்டாம், மிஸ்டர் ஆக்ராய்டு. ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. ஒரு ஃபிட்டர், யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு செய்யற வேலையா இது? ஆமான்னா ஆமான்னே எழுதிக் குடுங்க. வாயைத் திறக்காம போயிடறேன்."

அவருக்கு எரிச்சல்தான். ஆனால் 'உங்களால் கண்டுபிடிக்க முடியுமா' என்று யாராவது கேட்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஆறிப்போன டீயை ஓரம் தள்ளினார். விளக்கை இழுத்துக் குனிந்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. ஜனீன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் அவள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

"அட..." என்றார். "உன் வீட்டுக்காரர் வேன்ல என்ன சாமானெல்லாம் இருக்கு?"

"ஸ்க்ரூடிரைவர், மீட்டர், பைப்பை ஒட்டற ப்ளோ லாம்ப்."

"அதை வச்சுக்கிட்டு இதைச் செஞ்சிருந்தா போர்டு தீஞ்ச டோஸ்டாயிருக்கும். பத்த வச்ச ஈயம் மணி மணியா இருக்கு பாரு. மேல வார்னிஷ் பூசி, அடுப்புல காய வச்சிருக்கான். மூலையில பசைத் தடம் தெரியுதா? ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடம். பட்டறைக்காரன்தான் ஒட்டுவான்."

"அப்போ கார்ல் செய்யல?"

"செய்யவே முடியாது. இது மேசையில உக்காந்து செஞ்ச வேலை. போட வேண்டிய பார்ட் கையில இருந்திருக்காது. இப்போதைக்குக் கம்பியை வைப்போம், அப்புறமா மாத்திக்கலாம்னு அனுப்பிட்டு மறந்துட்டான். இவனெல்லாம் ஒரு மெக்கானிக்! வேலை தெரியாதவன் செஞ்சா மன்னிக்கலாம், கண்ணு. இவன் வேலை தெரிஞ்சவன்."

"இதை அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதறது என்ன, கல்லுல வெட்டியே குடுக்கிறேன்!"

ஆக்ராய்டு தன் பட்டறை பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். எழுத எழுத உரக்கப் படித்தார். 'ஃபிட்டரால் இதைச் செய்திருக்க இயலாது. தேர்ந்த பட்டறையில், தெரிந்தே செய்யப்பட்டது.' கீழே வால் நீட்டிச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

"உன் வீட்டுக்காரரைத் தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே. அது எந்தப் பட்டறைன்னு தெரிஞ்சா சொல்லு. நானே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன்."

ஜனீன் தாளைப் போனில் படம் எடுத்து கார்லுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

"போன வாரம் இந்தக் கம்பியைப் பத்தி உங்களுக்கு போன் பண்ணிக் கேட்டது நான்தான், மிஸ்டர் ஆக்ராய்டு. 'எங்க பட்டறையில அந்த மாதிரி வேலை நடக்காது'ன்னு சொல்லி போனை வச்சுட்டீங்க."

ஆக்ராய்டு கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் கைப்பையிலிருந்து தபால்தலை அளவு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தாள். "ஹேர் டிரையர் காட்டி நான்தான் உரிச்சேன். இது ஒட்டியிருந்தா நீங்க உண்மையைச் சொல்லியிருக்க மாட்டீங்க."

போர்டின் மூலையிலிருந்த பசைத் தடத்தின் மேல் அதை வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. அதில் மூன்று வருடத்துக்கு முந்தைய டிசம்பர் தேதி. ஊரே பனியில் உறைந்து கிடந்த வாரம். அதன் கீழே வால் நீட்டிச் சுழித்திருந்த கையெழுத்து, மேசைமேல் இன்னும் மை காயாமல் கிடந்த தாளிலும் இருந்தது.