மூன்று நாள் காற்று

மே 9. மூலனூருக்கு மேற்கே ஒரு தோட்டம். மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பேருந்தில் இருந்து இறங்கி நேரே தீனிக்குழிக்கு வந்தாள்.

மேலே மூடியிருந்த கறுப்புத் தாள் முழுவதும் சுருட்டப்பட்டிருந்தது. அதன்மேல் பாரத்துக்கு வைக்கும் மணல் மூட்டைகள் வேலியோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

தை மாதம் பச்சையாக நறுக்கி, மிதித்து, காற்றுப் புகாமல் மூடிய மக்காச்சோளத் தட்டு. சைலேஜ். ஆறு மாடுகளுக்கு ஆடி வரைக்குமான தீனி. தினமும் ஒரு முனையில் மட்டும் ஒரு சாண் வெட்டி, உடனே மூடிவிட வேண்டும்.

கையை உள்ளே விட்டாள்.

சுட்டது.

கணவன் பின்னால் வந்து நின்றான். லாரி ஓட்டுபவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பான். தங்கையின் பிரசவத்துக்கு அவள் கோவைக்கு ஓடியபோது, மாடுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றவன்.

"சூடா இருந்துச்சு புள்ள. வெந்து போயிருமுன்னு காத்தாட விட்டேன். மூணு நாளா."

நெல், கம்பு, மிளகாய். புழுங்கிய எதையும் அந்த ஊரில் அப்படித்தான் காப்பாற்றுவார்கள்.

"இது நெல்லாங்க? காத்துப் பட்டாத்தானுங்க இது கெடும்."

மண்வெட்டியை எடுத்தாள்.

ஒரு சாண். வெள்ளைப் பூஞ்சை.

இரண்டு சாண். ஆவி. பழவாசம் அடித்த புளிப்பு போய், மக்கின நெடி.

இடம் மாறி வெட்டினாள். கையை விட்டாள். எடுத்தாள். மறுபடி இடம் மாறினாள்.

கொட்டகையில் செவலை கத்தியது. நிறைமாதச் சினை. பூஞ்சை பிடித்ததைத் தின்றால் கன்று தங்காது என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார்.

பாதிக் குழிக்கு அப்பால்தான் கை குளிர்ந்தது. அது ஆறு மாட்டுக்கு நாற்பது நாள் வரும். நான்கு மாட்டுக்கு என்றால் அறுபது.

கையை எடுக்காமல் கேட்டாள்.

"எப்பங்க சூடு தெரிஞ்சுது?"

"நீ பஸ் ஏறுன மறுநா காலைல. தாளு ஒரு ஓரமா தூக்கிட்டு, காத்துல படபடன்னு அடிச்சுட்டுக் கெடந்துது."

அவள் கையை வெளியே எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தபோது தீனி வெட்டிக்கொண்டிருந்தாள். தாளை இழுத்துவிட்டாள். மூட்டையை வைத்தாளா? பேருந்தில் போகும்போது நான்கு முறை யோசித்தாள்.

வைக்கவில்லை.

"நாந்தான் கெடுத்துப் போட்டேன்" என்றான் அவன்.

அவள் வாயைத் திறந்தாள்.

செவலை மறுபடி கத்தியது.

குனிந்து, பூஞ்சையை வாரி வெளியே எறியத் தொடங்கினாள்.

வியாழக்கிழமைச் சந்தைக்கு இரண்டு மாடுகள் போயின. ஒன்று பால் வற்றிய கிழ மாடு. இன்னொன்று செவலை. கன்று போட்டால் இரண்டு மாட்டுத் தீனி வேண்டியிருக்கும்.

தரகர் நாச்சிமுத்து செவலையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"நெறமாசத்துல பொறந்த ஊட்டுக்குத்தானப்பா அனுப்புவாங்க. நீ சந்தைக்கு ஓட்டியாந்திருக்கற?"

"எந் தப்புதானுங்க. தீனிக்குழியத் தொறந்து போட்டுட்டேன்" என்றான் கணவன்.

"லாரிக்காரங்கிட்ட மாட்ட உட்டா, டீசல் ஊத்தாம உட்டானேன்னு சந்தோசப்படோணும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவள் ஐந்தடி தள்ளி, செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு மணிக்குள் இரண்டும் விற்றுப்போயின.